ரான் கார்ட்டரின் டபுள் பேஸைக் கேட்பது எப்படி: அடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களின் காது முதலில் டிரம்பெட்டுக்குப் போகும், அப்புறம் சாக்ஸபோனுக்கு, அப்புறம் பியானோவுக்கு. அடியில் ஓடும் டபுள் பேஸ், அதாவது ஆளுயரத்தில் நிற்கும், மிகத் தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் தந்தி வாத்தியம், காதில் விழுந்தாலும் மனதில் பதிவதில்லை. ஆனால் ஒரு பாடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது அதுதான். பியானோ ஒரே கார்டை (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வாசித்துக்கொண்டே இருக்கட்டும். கீழே பேஸ் தன் ஸ்வரத்தை மாற்றினால் போதும், அந்தக் கார்டின் குணமே மாறிவிடும். இந்த அதிகாரத்தைச் சத்தமில்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கையாண்டவர் ரான் கார்ட்டர்.

1937 மே 4 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபெர்ன்டேல் என்ற ஊரில் பிறந்தவர். 2015 செப்டம்பர் 15 வரைக்குமான கணக்கில் 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்திருக்கிறார். ஜாஸ் வரலாற்றிலேயே அதிகம் ஒலிப்பதிவான பேஸ் கலைஞர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. அவ்வளவையும் யாராலும் கேட்டு முடிக்க முடியாது, தேவையும் இல்லை. அவருடைய வாழ்க்கை நடந்த வரிசையிலேயே, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றிரண்டு பதிவுகளை எடுத்துக் கேட்டுப் போவதுதான் இந்த வழிகாட்டி. அவசரம் வேண்டாம், ஒரு படிக்கு ஒரு வாரம் கொடுங்கள். முடியும்போது ஒரு மனிதரின் வாழ்க்கை தெரிந்திருக்கும். கூடவே, எந்தப் பாடலைக் கேட்டாலும் அடியிலிருந்து கேட்கும் பழக்கமும் வந்திருக்கும்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

கைபேசியின் ஸ்பீக்கரில் தொடங்க வேண்டாம். டபுள் பேஸின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. அடித்தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேற்சுரங்களை மட்டும் தரும், அடிச்சுரத்தை மூளை ஊகித்துக்கொள்ளும். விலை குறைந்த இயர்போன்கூட இதைவிட எவ்வளவோ மேல். பேஸைத் தனியாகக் கூட்டும் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் குழப்பி ஒரே உறுமலாக்கிவிடும்.

அடுத்தது, வாய். கேட்கும்போது பேஸ் வாசிப்பதை ஒரு ஸ்தாயி மேலே வைத்து முணுமுணுத்துப் பாருங்கள். சரியான ஸ்வரம் வராவிட்டாலும் பரவாயில்லை. வாய் பின்தொடர்ந்தால் காது தப்பாது.

ஜாஸ் பேஸின் அடிப்படை வேலை வாக்கிங் பேஸ். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், விரலால் மீட்டி, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு நடந்து போவது. எளிமையாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் மூன்று முடிவுகள் இருக்கின்றன: எந்த ஸ்வரம், தாளத்தட்டின் எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம். மூன்றாவதில்தான் கார்ட்டரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர் மீட்டிய ஸ்வரம் சட்டென்று அடங்காது. அடுத்தது வரும்வரை பாடிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தந்தியில் சறுக்கிப் போவதும் அவருடைய கையெழுத்து. பழகிவிட்டால் பெயர் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

படி 1: செல்லோவும் அடைத்த கதவும்

அவர் பேஸ் கலைஞராக வேண்டும் என்று தொடங்கவில்லை. பத்து வயதில் எடுத்தது செல்லோ, வயலினைவிடப் பெரிய, டபுள் பேஸைவிடச் சிறிய வில் வாத்தியம். குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காஸ் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இசைப் பயிற்சிக்குப் பேர்போன பள்ளி அது. பின்னாளில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பேஸ் கலைஞரான பால் சேம்பர்ஸும் அங்கே படித்தவர்தான். வெளியிடங்களில் வாசிக்கும் வாய்ப்புகள் வரும்போதெல்லாம் அவை வெள்ளை மாணவர்களுக்கே போவதைக் கார்ட்டர் கவனித்தார். பள்ளி இசைக்குழுவின் ஒரே பேஸ் கலைஞர் படிப்பு முடித்துக் கிளம்பவிருந்த நேரம். அந்த இடத்தில் தான் மட்டுமே இருந்தால் தன்னை ஒதுக்க முடியாது என்று கணக்குப் போட்டு வாத்தியத்தை மாற்றினார்.

அந்தக் கணக்கு பள்ளியில் பலித்தது, வெளியே பலிக்கவில்லை. ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1959இல் பட்டம் பெற்றார். அங்கே விருந்தினராக வந்த இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, கார்ட்டரின் வாசிப்பை மிகவும் மெச்சியிருக்கிறார். அப்போது அவர் டெக்சாஸில் ஹூஸ்டன் சிம்ஃபனி என்ற செவ்வியல் இசைக்குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். உன்னை அழைத்துப்போக ஆசைதான், ஆனால் அங்கே உள்ள நிர்வாகக் குழு ஒரு கறுப்பினத்தவரை ஏற்காது என்று நேராகவே சொன்னாராம். கார்ட்டர் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தகுதி இல்லை என்று சொல்லியிருந்தால்கூட உழைத்துச் சரிசெய்யலாம். தோலின் நிறத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. ஒரு நாட்டின் சிம்ஃபனிகள் இப்படித் தாங்களே இழந்த கலைஞர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

நியூயார்க்குக்கு வந்தார். டிரம்ஸ் கலைஞர் சீகோ ஹாமில்டனின் குழுவில் சேர்ந்தார். மான்ஹாட்டன் இசைப் பள்ளியில் 1961இல் முதுகலையும் முடித்தார்.

இந்தப் படிக்குக் கேட்க வேண்டியது, சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் தேர்', 1960 ஆகஸ்டில் பதிவானது. இதில் பேஸ் வாசிப்பவர் ஜார்ஜ் டுவிவியே. கார்ட்டர் கையில் செல்லோ. டபுள் பேஸும் செல்லோவும் ஒரே பதிவில் கிடைப்பதால் இரண்டின் குரலையும் பிரித்தறிய நல்ல பயிற்சி. வில்லால் இழுக்கும் பகுதிகளில் செவ்வியல் பயிற்சி பெற்ற கை தெரியும். கொஞ்சம் கரடுமுரடான இசைதான். முதல் தடவை பிடிக்காவிட்டால் தள்ளிவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், பிறகு திரும்பி வரலாம்.

படி 2: மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழு, 1963 முதல் 1968 வரை

இங்கே அதிக நாள் தங்குங்கள். ஒரு வாரம் போதாது.

1963இல் கார்ட்டர் டிரம்பெட் கலைஞர் ஆர்ட் ஃபார்மரிடம் வாசித்துக்கொண்டிருந்தார். மைல்ஸ் வந்து தன் குழுவுக்குக் கூப்பிட்டார். ஜாஸ் உலகில் அதைவிடப் பெரிய அழைப்பு அன்று கிடையாது. கார்ட்டரின் பதில்: இப்போது ஃபார்மரிடம் ஒத்துக்கொண்ட வேலை இருக்கிறது, அவரைக் கேளுங்கள், அவர் விட்டால் வருகிறேன். ஃபார்மர் விட்டார். ஸ்டுடியோக்காரர்கள் ஒருவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதன் காரணம் விரல் திறமை மட்டும் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இந்தச் சம்பவம்தான்.

அந்த ஆண்டே பியானோவுக்கு ஹெர்பி ஹான்காக் வந்தார், டிரம்ஸுக்கு 17 வயது டோனி வில்லியம்ஸ். சாக்ஸபோனில் முதலில் ஜார்ஜ் கோல்மன். 1964இல் வேய்ன் ஷார்ட்டர் வந்ததும் குழு முழுமையானது.

முதல் பயிற்சி: 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் நடந்த கச்சேரி. மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் முயற்சிக்கு நிதி திரட்ட நடந்தது அது. அதை இரண்டு இசைத்தட்டுகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். நிதானமான பாடல்கள் 'மை ஃபன்னி வாலன்டைன்' தட்டில், வேகமானவை 'ஃபோர் அண்ட் மோர்' தட்டில். முதலில் நிதானமானதை எடுங்கள், அதிலும் தட்டின் பெயர் கொண்ட பாடலை. தாளம் ஓரிடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும், இன்னோரிடத்தில் இரட்டிப்பாகும். அந்தத் திருப்பங்களில் கார்ட்டர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். நீளமான ஒற்றை ஸ்வரங்களை விட்டுவிட்டுத் திடீரென்று நடக்கத் தொடங்குவார், குழு முழுவதும் அவருடன் நடக்கும். வேகமான தட்டைக் கேட்கும்போது எதையும் ஆராய வேண்டாம். அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் முழுதாக ஒலிப்பதை ரசித்தால் போதும்.

இரண்டாவது பயிற்சி: 'ஃபுட்பிரின்ட்ஸ்', ஷார்ட்டர் எழுதியது. 1966இல் இது இரண்டு தடவை பதிவானது. பிப்ரவரியில் ஷார்ட்டரின் சொந்தத் தட்டுக்காக; அதில் பேஸ் ரெஜி வொர்க்மன். அக்டோபரில் மைல்ஸ் குழுவின் 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' தட்டுக்காக, அதில் கார்ட்டர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடலின் எலும்புக்கூடு பேஸ் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு சின்ன வரிதான். வொர்க்மன் அதை அமைதியாகப் பிடித்திருக்கிறார், அழகாகவே இருக்கிறது. கார்ட்டரும் டோனியும் அதே வரியைத் திஸ்ரத்திலிருந்து (மூன்றின் கணக்கு) சதுஸ்ரத்துக்குத் (நான்கின் கணக்கு) திருப்பி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார்கள். நடைபேதம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடிபடும். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். அடிப்படைத் துடிப்பு அசையவே இல்லை என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது, என் கணிப்பில் இந்த வழிகாட்டியின் உச்சம்: 1967 ஜூனில் பதிவான 'நெஃபர்டீட்டி' தட்டின் தலைப்புப் பாடல். வழக்கமான ஜாஸ் பாடலில் மெட்டை ஊதி முடித்ததும் ஊதுவாத்தியங்கள் மனோதர்மத்தில் இறங்கும். பேஸும் டிரம்ஸும் அதைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே தலைகீழ். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதுகின்றன, தனி வாசிப்பே கிடையாது. அதன் கீழே பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு செய்கின்றன. மேலே மெட்டு மாறாததால் காதுக்குக் கீழே இறங்க இடம் கிடைக்கிறது. ஒரு சுற்றில் கார்ட்டர் எதிர்பார்த்த ஸ்வரத்தில் வந்து உட்காருவார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் வேறொன்றை வைப்பார், மெட்டின் அர்த்தமே நிறம் மாறும். தொடக்கத்தில் சொன்ன அந்த அதிகாரம் என்ன என்பது இங்கே கண்ணாடி போலத் தெரியும்.

1965இன் 'இ.எஸ்.பி.' தட்டையும் விட்டுவிடாதீர்கள். அதில் 'ஆர்.ஜே.' கார்ட்டர் எழுதியது. 'எய்ட்டி-ஒன்' அவரும் மைல்ஸும் சேர்ந்து எழுதியது.

1968இல் விலகினார். இங்கிலாந்திலிருந்து வந்த டேவ் ஹாலண்ட் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்.

படி 3: வான் கெல்டர் ஸ்டுடியோ

மைல்ஸோடு இருந்த ஆண்டுகளிலேயே கார்ட்டர் மற்றவர்களின் தட்டுகளிலும் நிறைய வாசித்துவந்தார். ஸ்டுடியோ வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் கேட்கும் விதமே மாறும். நியூயார்க்கில் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஒரு ஒலிப்பதிவு அமர்வு மூன்று மணி நேரம். அதில் தட்டில் ஏற்றக்கூடிய இசை அதிகபட்சம் 15 நிமிடம். வாசிக்கிறவருக்கு அமர்வுக்கு இவ்வளவு என்று ஊதியம். தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் பொதுவாக அதில் பங்கு கிடையாது. பாடலை எழுதியவருக்குத்தான் உரிமைத்தொகை. வந்து உட்கார்ந்ததும் முன்னால் ஒரு தாள் வைக்கப்படும், பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் தடுமாறினால் எல்லாருடைய நேரமும் போகும்.

ஜாஸ் தட்டுகளை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனம் ஒரு விஷயத்தில் தனித்து நின்றது. அதை நடத்திய ஆல்ஃபிரட் லயன் ஒத்திகைக்கும் பணம் கொடுத்தார். கடினமான புதுப் பாடல்கள் அங்கே அவ்வளவு துல்லியமாக வந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம். பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே பெற்றோரின் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு செய்துவந்த மனிதர் அவர். 1959இல் நியூஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில், மரக் கூரை உயர்ந்தெழும் ஒரு ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்து ஜாஸ் தட்டுகளின் ஒலி நம் மனதில் எப்படிப் பதிந்திருக்கிறதோ, அதில் பெரும்பங்கு அந்த அறையுடையது.

கேட்க வேண்டியது, ஹான்காக்கின் 'மெய்டன் வாயேஜ்', 1965 மார்ச் 17. தலைப்புப் பாடலில் பேஸ் செய்வது மிகக் கொஞ்சம். முதல் நான்கு ஆவர்த்தனத்துக்கு டி, அடுத்த நான்குக்கு எஃப், அதுவும் ஒரே தாளக்கட்டில். பெரிய கலைஞர் ஒருவர் இவ்வளவு கொஞ்சமாக வாசிக்கச் சம்மதிப்பதும், அந்தக் கொஞ்சத்தில் ஒரு கடலையே அசையவிடுவதும் எனக்கு இன்றும் வியப்புதான். அதன்பின் ஷார்ட்டரின் 'ஸ்பீக் நோ ஈவில்'. இதில் டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். டோனியின் டிரம்ஸ் அடி கூர்மையானது, எல்வினுடையது உருண்டு வருவது. இரண்டு பேருக்குப் பக்கத்திலும் ஒரே பேஸ் கலைஞர் எப்படி வெவ்வேறு விதமாக நிற்கிறார் என்று ஒப்பிடுங்கள்.

படி 4: ஜாஸுக்கு வெளியே

இங்கேதான் 2,221 என்ற எண் புரியத் தொடங்கும். அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமின் 1967 தட்டு 'வேவ்', போசா நோவா என்ற பிரேசில் நாட்டு இசைவகை. கார்ட்டர் அதில் கிட்டத்தட்ட மறைந்தே போகிறார், ஆனால் பாடலின் தாலாட்டு முழுவதும் அவர் கையில் இருக்கிறது. தயாரிப்பாளர் கிரீட் டெய்லர், அவருடைய சி.டி.ஐ. நிறுவனத்துக்காக 1970களில் கார்ட்டர் ஏராளமாக வாசித்தார்.

பாடகி ராபர்ட்டா ஃப்ளாக்கின் முதல் தட்டு 'ஃபர்ஸ்ட் டேக்', 1969 பிப்ரவரியில் பதிவானது. 'கம்பேர்ட் டு வாட்' பாடலைத் தொடங்கிவைப்பது கார்ட்டரின் பேஸ். அதே தட்டில் 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' பாடலையும் கேளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தது போல அவ்வளவு மெதுவானது. நடிகர் க்ளின்ட் ஈஸ்ட்வுட் அதைத் தன் படத்தில் பயன்படுத்திய பிறகு, 1972இல், அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. முன்னதில் துள்ளல், பின்னதில் மௌனம். இரண்டும் ஒரே மனிதரின் விரல்கள். ஸ்டுடியோ கலைஞர் என்ற சொல்லின் முழு அளவும் இந்த இரண்டு பாடல்களுக்கு நடுவில் இருக்கிறது.

1971இல் கவிஞர் கில் ஸ்காட்-ஹெரானின் 'பீசஸ் ஆஃப் எ மேன்'. பேச்சும் பாட்டும் கலந்த அந்தக் கோபத்துக்கு அடியில் கார்ட்டரின் பேஸ் ஓடுகிறது. இருபது ஆண்டு கழித்து, ஹிப்-ஹாப் தலைமுறை அவரைத் தேடி வந்தது. எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் 'தி லோ எண்ட் தியரி', 1991. 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாடலில் கார்ட்டரே நேரில் வாசித்தார். கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பழைய தட்டிலிருந்து துண்டு எடுத்து ஒட்டும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், ஆளையே கூப்பிட்டு வாசிக்க வைத்த அந்த இளைஞர்களின் மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன்.

படி 5: ஒளிய இடமில்லாத இசை

கிடார் கலைஞர் ஜிம் ஹாலுடன் 1972இல் ஒரு கச்சேரியில் பதிவான 'அலோன் டுகெதர்'. ஒரு கிடார், ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லாததால் தாளம், சுருதி, எதிர்மெட்டு எல்லாவற்றுக்கும் பேஸே பொறுப்பு. இதுவரை வந்த படிகளைத் தாண்டியவர்களுக்கு இங்கே பேஸைத் தேட வேண்டிய வேலையே இருக்காது. ஒரு தடவை கிடாரை மட்டும், ஒரு தடவை பேஸை மட்டும், மூன்றாவது தடவை இரண்டும் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பதைத் தொடர்ந்தாலே நேரம் போவது தெரியாது.

குழுத் தலைவராக அவர் என்ன செய்தார் என்று பார்க்க 1977இன் 'பிக்கலோ'. அளவில் சிறிய, மேல் சுருதியில் சேர்த்த பேஸை அவர் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான பேஸை பஸ்டர் வில்லியம்ஸிடம் கொடுத்துவிட்டார். பேஸ் கலைஞர் முன்வரிசைக்கு வரும்போது பின்வரிசை காலியாகிவிடக் கூடாது என்ற கவலைக்கு நேரான தீர்வு.

படி 6: இதையே தொழிலாக எண்ணுகிறவர்களுக்கு

கார்ட்டரின் வழியிலிருந்து எடுத்துக்கொள்ள நடைமுறையான விஷயங்கள் சில உண்டு. தாளைப் பார்த்த உடனே வாசிக்கும் பழக்கத்தை முதலில் பிடியுங்கள். அவருடைய இசைப் பள்ளிப் படிப்பு சிம்ஃபனிக் கதவைத் திறக்காவிட்டாலும் ஸ்டுடியோக் கதவைத் திறந்தது. வில்லைக் கைவிடாதீர்கள். விரலால் மட்டுமே வாசிக்கப் போகிறவருக்கும் சுருதி சுத்தத்தை வில்தான் கற்றுக்கொடுக்கும், பிழையை அது மறைக்காது. சொந்தமாகப் பாடல் எழுதுங்கள். அமர்வுக்கான ஊதியம் அன்றோடு முடியும், எழுதிய பாடலுக்கு உரிமைத்தொகை தொடர்ந்து வரும். ஒரே பாணியில் அடைந்துவிட வேண்டாம். அப்புறம் கற்பித்தல்: கார்ட்டர் நியூயார்க் சிட்டி கல்லூரியில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தார். தன் கையில் இருப்பதை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் தனக்கே அது தெளிவாகும்.

அடுத்து யாரைக் கேட்பது

பின்னோக்கிப் போக விரும்பினால் ஜிம்மி பிளான்டன். 1939 முதல் 1941 வரை ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனிடம் வாசித்து, இந்த வாத்தியத்தால் மெட்டும் பாட முடியும் என்று காட்டியவர். 23 வயதில் காலமானார். ஸ்டுடியோ வாழ்க்கையைத் தொடர விரும்பினால் 1910இல் பிறந்த மில்ட் ஹின்டன். 1950களில் நியூயார்க் ஸ்டுடியோக்களில் நிலையாக வேலை பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர்களில் ஒருவர். கார்ட்டர் நடந்த பாதையில் முன்னால் போனவர். கேமராவும் கையுமாகச் சக கலைஞர்களை ஏராளமாகப் படம் எடுத்தவர். பேஸ் பியானோவுக்குச் சமமாகப் பேச வேண்டும் என்பவர்களுக்கு ஸ்காட் லஃபாரோ. 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்ட் என்ற நியூயார்க் ஜாஸ் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் அவர் வாசித்தது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பதினோரு நாள் கழித்து ஒரு கார் விபத்தில் இறந்தார், வயது 25. லஃபாரோவைக் கேட்டுவிட்டு மறுபடி 'நெஃபர்டீட்டி' போட்டால், பேஸுக்கு எத்தனை விதமான சுதந்திரம் இருக்கிறது என்பது அந்த இரண்டு பதிவுகளின் இடைவெளியிலேயே கேட்கும். பால் சேம்பர்ஸையும் அதே வரிசையில் வையுங்கள். மைல்ஸிடம் கார்ட்டருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் என்பதால், ஒரே தலைவரின் கீழ் இரண்டு பேஸ்களை ஒப்பிட அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.